முப்பது பேருக்கு உட்பட்ட ஒரு கல்லூரி

கல்லூரி ஆண்டு விழா நெருங்கும்போது ஆண்டறிக்கை தயாரிக்கும் பொறுப்பு சில காலமாக என் மேசைக்கே வந்து சேர்கிறது. பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம் பெற்றோர், வளாக நேர்காணலில் பணி ஆணை பெற்றோர், கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள், கருத்தரங்குகள் என்று தலைப்புகள் முன்பே வகுக்கப்பட்டிருக்கும். துறைகளிலிருந்து வரும் எண்களை அவற்றில் நிரப்பிவிட்டால் அறிக்கை ஆயத்தமாகிவிடும். முதல்வர் அதை மேடையில் வாசிக்கும்போது மாணவர்கள் கலை நிகழ்ச்சி எப்போது தொடங்கும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்த அறிக்கையில் அவர்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். அவர்கள் எடுத்த முடிவு என்று ஒன்றுகூட அதில் இருப்பதில்லை.

இந்த வேலையில் இருக்கும்போதெல்லாம் நான் எண்ணிப் பார்க்கும் கல்லூரி ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கும் டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரி அது. நான் அங்குப் போனதில்லை. அக்கல்லூரி வெளியிடும் குறிப்புகளையும், அங்குப் படித்தவர்கள் எழுதியவற்றையும், அதன் மீது நடந்த வழக்கைப் பற்றிய செய்திகளையும் தொடர்ந்து படித்துவந்ததில் உண்டான பழக்கம்தான் எனக்கும் அதற்கும். மொத்த மாணவர் எண்ணிக்கை 24 முதல் 30 வரை. எங்கள் கல்லூரியில் இளநிலை முதலாண்டுப் பிரிவு ஒன்றின் பாதி அளவுகூட இராது. ஆண்டுக்கு 12 முதல் 15 பேரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் வைத்திருந்து, இரண்டாண்டுப் பட்டம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலோர் அதன் பிறகு நான்காண்டுப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்து இளநிலைப் பட்டத்தை முடிக்கிறார்கள். ஹார்வர்டு, யேல், சிகாகோ, கார்னெல் ஆகியவை அந்த வரிசையில் அடிக்கடி வரும் பெயர்கள். படிப்புக் கட்டணம், தங்குமிடம், உணவு எதற்கும் மாணவர்களிடம் பணம் வாங்குவதில்லை.

கல்லூரி அமைந்திருக்கும் இடத்தைச் சொல்லாமல் அதன் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. நெவாடா மாநில எல்லையை ஒட்டிய இன்யோ மாவட்டத்தில், ஒயிட் மலைத்தொடருக்குக் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில் ஒரு பாலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் கல்லூரியைத் தவிர வேறு ஊர் கிடையாது. மளிகைச் சாமான் வாங்கவேண்டுமானாலும் மருத்துவரைப் பார்க்கவேண்டுமானாலும் மலைக்கணவாயைத் தாண்டி பிக் பைன், பிஷப் போன்ற சிற்றூர்களுக்குப் போகவேண்டும். மேற்கேயுள்ள மலைகளில்தான் 4,800 ஆண்டுகளுக்கு மேல் வயதான பிரிஸில்கோன் பைன் மரங்கள் நிற்கின்றன. பள்ளத்தாக்கின் ஊற்றுகளிலும் சதுப்புகளிலும் வாழும் கருந்தேரை இனம் ஒன்று உலகில் வேறெங்கும் இயல்பாகக் காணப்படுவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கால்நடைப் பண்ணையும், குதிரை மசால் என்ற தீவனப் பயிர் விளையும் வயல்களும், ஒரு தோட்டமும், அவற்றோடு ஒரு கல்லூரியும் ஒன்றாக இயங்குகின்றன. பண்ணைக்குள் கல்லூரி இருக்கிறதா, கல்லூரிக்குள் பண்ணை இருக்கிறதா என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் உடலுழைப்பில் ஈடுபடவேண்டும். பால் கறப்பது, மாடுகளுக்குத் தீவனம் வைப்பது, வயலுக்கு நீர் பாய்ச்சுவது, தோட்ட வேலை, சமையல், பாத்திரம் கழுவுவது, இறைச்சி வெட்டிப் பதப்படுத்துவது, வண்டி பழுது பார்ப்பது, நூலகத்தைக் கவனிப்பது என்று வேலைகள் மாறிமாறி வரும். யாருக்கு எந்த வேலை என்பதை ஒதுக்குபவரும் மாணவரே. வேலைப் பொறுப்பாளராக ஒருவரை மாணவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். கோடைக்காலத்தில் மாட்டு மந்தை ஒயிட் மலைத்தொடரின் மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்லப்படும். அதனுடன் போகும் மாணவர்கள் மலைக்குடிலிலேயே தங்கி மந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். இந்த வேலைகளில் எதையும் பயிற்சிக்காக மட்டும் வைத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். விடியலுக்கு முன் எழுந்து பால் கறக்கவேண்டியவர் தூங்கிவிட்டால் மாட்டுக்கு மடி கட்டிக்கொள்ளும், காலை உணவுக்குப் பால் இருக்காது. நீர் பாய்ச்ச வேண்டியவர் ஒரு முறை தவறவிட்டால் அந்தப் பாலை வெயிலில் பயிர் வாடிவிடும். மதிப்பெண் குறைப்பு, வருகைப்பதிவு, அபராதம் போன்றவை செய்ய முயன்று தோற்றுப்போகும் வேலையை அங்கே ஒரு மாடு செய்துவிடுகிறது.

நம் ஊர்களில் உழைப்பையும் படிப்பையும் இணைக்கும் கல்விமுறை என்று பேசத் தொடங்கினாலே பலருக்கும் வாரம் ஒருநாள் வளாகத்தில் குப்பை பொறுக்கி நிழற்படம் எடுத்துக்கொள்வதுதான் நினைவுக்கு வரும். அதில் செய்யாமல் விட்டாலும் யாருக்கும் எதுவும் ஆவதில்லை என்பதை மாணவர்கள் முதல் நாளே புரிந்துகொண்டுவிடுகிறார்கள்.

உழைப்பு ஒரு தூண் என்றால் படிப்பும் தன்னாட்சியும் மற்ற இரண்டு. படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிறிய வகுப்புகள், மேசையைச் சுற்றி அமர்ந்து நடக்கும் விவாதங்கள், நிறைய வாசிப்பு, நிறைய எழுத்து என்று நல்ல சிறுகல்லூரிகள் பலவற்றில் இருப்பவைதான் அங்கும் இருக்கின்றன. புதிதாக வருபவர்கள் ஜூலை மாதத்தில் ஏழு வாரக் கோடைக் கருத்தரங்கோடு தொடங்குகிறார்கள். எழுத்துப் பயிற்சியும் மேடைப்பேச்சும் கட்டாயம்; கல்லூரியிலுள்ள அனைவரும் கூடியிருக்கும் அவையில் மாணவர்கள் முறைவைத்துப் பேசவேண்டும்.

தன்னாட்சியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லவேண்டும். வாரந்தோறும் இரவில் கூடும் மாணவர் அவை பல சமயம் நள்ளிரவைத் தாண்டியும் நீளும் என்கிறார்கள். பருவம் நடக்கும் காலத்தில் மது, போதைப்பொருள் கூடாது, தக்க காரணமின்றிப் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போகக்கூடாது என்ற இரண்டு விதிகள் அங்கே முக்கியமானவை. அவற்றைக் காப்பது விடுதிக் காப்பாளரோ காவலாளியோ அல்லர், மாணவர் அவைதான். கைப்பேசி, இணையம் ஆகியவற்றை எங்கே, எந்த அளவு அனுமதிப்பது என்பதும் அந்த அவையின் விவாதத்துக்கு உட்பட்டதே. அதற்கும் மேலே, கல்லூரியின் முக்கியமான முடிவுகள் மாணவர்கள் இடம்பெறும் குழுக்களின் கையில் இருக்கின்றன. சேர்க்கைக் குழு அடுத்த ஆண்டு யார் வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பாடத்திட்டக் குழு எந்தப் பாடங்கள் நடத்தப்படவேண்டும், எந்தப் பேராசிரியரை அழைக்கவேண்டும் என்று பார்க்கிறது. ஆசிரியப் பணிக்கு விண்ணப்பித்தவரை நேர்காணல் செய்பவர்களில் அவரிடம் படிக்கப்போகிறவர்களும் இருக்கிறார்கள். மதிப்பாய்வுக் குழு மாணவர்களின் செயல்பாட்டையும் ஆசிரியர்களின் செயல்பாட்டையும் ஆராய்ந்து, முதலாண்டு மாணவரை இரண்டாம் ஆண்டுக்கு மீண்டும் அழைப்பதா என்பது வரை பரிந்துரைக்கிறது. அறங்காவலர் குழுவிலும் மாணவர்கள் தேர்ந்தெடுத்தனுப்பும் பிரதிநிதிகளுக்கு முழு வாக்குரிமை உண்டு.

பாடத்திட்டக் குழுவில் மாணவர் பிரதிநிதி என்ற ஏற்பாடு நம்மிடமும் ஏட்டளவில் இருக்கிறது. கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்து வாங்குவதற்காக அவரை வகுப்பிலிருந்து அழைத்துவரும் காட்சியை ஆசிரியப் பணியில் இருப்போர் அறிவார்கள். அதனால்தான் டீப் ஸ்பிரிங்ஸில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை பேராசிரியர் ஒருவரிடம், நீங்கள் இந்த நூலை ஏன் முதலில் வைக்கிறீர்கள் என்று கேட்டு, விடையை எடைபோட்டு, தன் வாக்கைப் பதிவு செய்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர்கள் தவறே செய்வதில்லையா என்றால், செய்கிறார்கள். தவறான ஆளைச் சேர்த்துக்கொண்டால் அவருடன் அதே பள்ளத்தாக்கில் வாழவேண்டியவர்களும் மாணவர்களே.

இந்த விசித்திரமான அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு தொழில் வரலாறு இருக்கிறது. கல்லூரியை 1917இல் தொடங்கிய லூசியன் லூசியஸ் நன் கல்வியாளர் அல்லர். வழக்கறிஞர், சுரங்கத் தொழிலர், மின்சாரத் துறையின் முன்னோடிகளுள் ஒருவர். கொலராடோ மாநிலத்தின் டெல்லுரைடு என்ற மலைநகரத்தில் அவருக்குத் தொடர்பிருந்த வங்கியைத்தான் 1889இல் பேர்போன கொள்ளைக்காரன் புட்ச் காசிடி கொள்ளையடித்தான் என்பது அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லும் கதை. சுரங்கத்துக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் செலவு கட்டுப்படியாகாமல் போனபோது, பள்ளத்தில் ஓடும் ஆற்றிலிருந்து மின்சாரம் எடுத்து மேலே அனுப்பலாம் என்று அவர் முடிவு செய்தார். மாறுதிசை மின்னோட்டத்தைத் தொழிலுக்காகத் தொலைவுக்கு அனுப்பிய முதல் மின்நிலையங்களில் ஒன்றான ஏம்ஸ் நீர்மின் நிலையம் 1891இல் அப்படித்தான் இயங்கத் தொடங்கியது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் இயந்திரங்கள் அதில் பொருத்தப்பட்டன.

ஆளரவமற்ற மலைகளில் இருந்த அந்த மின்நிலையங்களை இயக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் அப்போது கிடைக்கவில்லை. எனவே நன் இளைஞர்களை வேலைக்கு எடுத்து, வேலைக்கிடையே அவர்களுக்குப் பாடமும் நடத்த ஏற்பாடு செய்தார். தொழில் தேவைக்காகத் தொடங்கிய இந்தப் படிப்பு நாளடைவில் அவருக்குத் தொழிலைவிட முக்கியமாகிவிட்டது. 1911இல் டெல்லுரைடு சங்கம் என்ற கல்வி அமைப்பை நிறுவினார். ஆறு ஆண்டுகள் கழித்து இந்தப் பாலைக்கு வந்தார். 1925இல் மறைவதற்கு முன் மாணவர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்னும் அங்கே படிக்கப்படுகின்றன. வழக்கமான ஏட்டுக் கல்விக்காகவோ, பண்ணை வாழ்க்கைக்காகவோ, பொருள் ஈட்டும் திறனுக்காகவோ நீங்கள் இந்த வனாந்தரத்துக்கு வரவில்லை, தொண்டு வாழ்வுக்கு ஆயத்தமாகவே வந்தீர்கள் என்பது அவற்றில் மிகுதியாக எடுத்தாளப்படும் கருத்து.

அந்தப் பெரியவர் எழுதிவைத்த அறக்கட்டளைப் பத்திரமே கல்லூரியின் பலமாகவும் தடையாகவும் இருந்தது. மாணவர்களைக் கல்லூரியின் பயன் உரிமையாளர்களாகக் கருதும் துணிச்சலான ஏற்பாடு அதில் இருந்தது. கல்லூரி இளைஞர்களுக்காக, அதாவது ஆண்களுக்காக, என்பதும் அதிலேயே இருந்தது. நூறு ஆண்டுகளாகப் பெண்கள் அங்கே ஆசிரியர்களாகவும் பணியாளர்களாகவும் இருக்க முடிந்தது. மாணவர்களாக இருக்க முடியவில்லை. பெண்களைச் சேர்க்கவேண்டும் என்ற விவாதம் மாணவர் தலைமுறைகளைக் கடந்து தொடர்ந்தது. 2011 செப்டம்பரில் அறங்காவலர் குழு பெண்களையும் சேர்ப்பதென்று வாக்களித்தது. அப்போது 2013ஆம் ஆண்டில் முதல் மாணவியர் வருவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. குழுவிலேயே இருந்த இரண்டு அறங்காவலர்கள் பத்திரத்தை மீற நமக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். தடை ஆணை, விசாரணை, மேல்முறையீடு என்று வழக்கு நீண்டது. நிறுவனரின் நோக்கம் தொண்டுக்கு இளையோரை ஆயத்தம் செய்வது, பெண்களைச் சேர்ப்பது அந்த நோக்கத்துக்கு முரணாகாது என்ற தரப்பே இறுதியில் வென்றது. 2017இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை மறுஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. 2018 கோடையில் முதல் மாணவியர் பள்ளத்தாக்குக்கு வந்தனர்.

அண்மைக் காலத்தில் அக்கல்லூரி செய்த சாதனை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு நூற்றாண்டு தாமதமாக வந்த நீதியைச் சாதனை என்று கொண்டாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானது. நான் இதைச் சாதனையாகக் கருதுவதற்குக் காரணம் வேறு. வழக்கு நடந்த ஆறு ஆண்டுகளில் மூன்று மாணவர் தொகுதிகள் முழுமையாகப் படித்து வெளியேறிவிட்டன. 2011இல் இதற்காகப் பேசிய மாணவர் எவரும் 2018இல் அங்கே மாணவராக இல்லை. தனக்குப் பயன்தராத ஒரு மாற்றத்துக்காக வாதிடுவதும், தான் காணப்போகாத அடுத்த தொகுதியை எண்ணி முடிவெடுப்பதும் அங்கே மாணவர் வாழ்க்கையின் அன்றாடப் பகுதி. சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கும் இரண்டாமாண்டு மாணவரும் அதைத்தான் செய்கிறார். அவர் தேர்ந்தெடுப்பவர் வளாகத்துக்கு வரும்போது அவர் அங்கே இருக்கமாட்டார்.

இதற்கிடையே பெண்களுக்குக் கதவு மூடியிருந்த அந்தக் காலம் வேறொன்றையும் பிறப்பித்தது. டீப் ஸ்பிரிங்ஸின் முறையைப் பின்பற்றிப் பெண்களுக்கென ஒரு கல்வித் திட்டம் வட கரோலினாவின் மலைப்பகுதியில் அரேட்டே புராஜெக்ட் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. அலாஸ்காவின் சிட்கா நகரில் அவுட்டர் கோஸ்ட், விஸ்கான்சினில் தோரோ கல்லூரி என்று உழைப்பு, படிப்பு, தன்னாட்சி மூன்றையும் சேர்த்துக் கட்ட முயலும் வேறு சிறு நிறுவனங்களும் எழுந்தன. எல்லாமே சில பத்துப் பேரைக் கொண்டவைதாம்.

முன்னாள் மாணவர் பட்டியலைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். உயிரணுக்கள் சேதமடைந்த மரபணு இழையைத் தாமே வெட்டிச் சீர்செய்துகொள்வதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிலிப் ஹானவால்ட், அமெரிக்கத் தூதராகப் பணியாற்றிய வில்லியம் வாண்டன் ஹூவல், ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த இயற்பியலாளர் ராபர்ட் ஸ்ப்ரூல் போன்றோர் அங்கே படித்தவர்கள். நம் ஆண்டறிக்கைகளில் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குவோம்.

குறைகளையும் மறைக்கக்கூடாது. இது ஏழை நாட்டின் எளிய மாதிரி என்று யாரேனும் எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவார்கள். ஒரு மாணவருக்கு ஆகும் செலவை மொத்தமாகக் கல்லூரியே ஏற்கிறது. அந்தப் பணம் மாட்டிலிருந்தும் குதிரை மசாலிலிருந்தும் வந்துவிடுவதில்லை, முன்னாள் மாணவர்களின் நன்கொடையும் அறக்கட்டளை முதலீடும் இல்லாமல் கதவு திறந்திருக்காது. முப்பது பேருக்குள் எல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் மனத்தாங்கல் வந்தால் ஒதுங்கி நிற்க இடம் இல்லை. இரவு வெகுநேரம் வாதாடிய எதிர்த்தரப்பினரோடு விடிந்ததும் சேர்ந்து வேலி கட்டவேண்டும். சிலருக்கு அது முதிர்ச்சியைத் தருகிறது; சிலரை அது களைப்படையச் செய்கிறது. சேர்க்கையோ மிகக் கடுமையானது. விண்ணப்பிப்போரில் மிகச் சிறு பங்கினரே தேர்வாகிறார்கள். கட்டுரை எழுதுவதில் ஏற்கெனவே தேர்ந்தவர்களுக்கு, அதாவது நல்ல பள்ளியில் படித்தவர்களுக்கு, வாய்ப்பு கூடுதல் என்ற குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது.

அளவு பெரிதானால் இது நடக்குமா என்பது அடுத்த கேள்வி. கெண்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரியை இதற்கு எடுத்துக்காட்டலாம். 1855இல் தோன்றிய அந்நிறுவனம் கறுப்பின மாணவர்களையும் வெள்ளையின மாணவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் படிப்பித்தது. 1904இல் மாநிலச் சட்டம் அதைத் தடைசெய்யும் வரை அப்படியே நடத்தியது. 1892 முதல் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. ஏறத்தாழ 1,500 மாணவர்கள், ஒவ்வொருவருக்கும் வாரம் குறைந்தது 10 மணி நேர வேலை. பெரும்பாலும் வசதி குறைந்த அப்பலாச்சிய மலைக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். மர வேலை, நெசவு, துடைப்பம் கட்டுதல் போன்ற கைத்தொழில் கூடங்களை அது பேர்போகும் வகையில் நடத்திவருகிறது. ஆக, இலவசப் படிப்பையும் உழைப்பையும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு விரிக்க முடியும். டீப் ஸ்பிரிங்ஸில் இருக்கும் தன்னாட்சியை அந்த அளவுக்கு விரிக்க முடியுமா என்பதில்தான் எனக்கு ஐயம். ஆசிரியரை நேர்காணல் செய்வதற்கு 1,500 பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார முடியாது. ஆனால் ஒரு துறையில், ஒரு விடுதியில், ஒரு நூலகத்தில் முப்பது பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். நூலகத்துக்கு இந்த ஆண்டு எந்த நூல்களை வாங்குவது என்பதை, ஒதுக்கப்பட்ட தொகையோடு சேர்த்து, மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்க நம் விதிகளில் எங்கும் தடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தணிக்கையில் கேள்வி வரும் என்று மூத்த பேராசிரியர்கள் சொல்வார்கள். வரட்டும், விடை சொல்லவும் மாணவர்களையே அனுப்பலாம்.

இதைப் படிப்பவர்களில் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் இருக்கக்கூடும் என்பதால் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். டீப் ஸ்பிரிங்ஸ் வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களையும் ஏற்கிறது. தேர்வானால் அவர்களுக்கும் அதே முழு உதவித்தொகை உண்டு. முதல் சுற்றில் கட்டுரைகள் எழுதி அனுப்பவேண்டும். அதில் தேறியவர்களை இரண்டாம் சுற்றில் பள்ளத்தாக்குக்கு அழைத்து, சில நாள் வகுப்பிலும் பண்ணை வேலையிலும் உடன் வைத்துக்கொண்டு, குழுவின் நேர்காணலுக்கு உட்படுத்துவது வழக்கம். கட்டுரைகளைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் உங்களைவிட ஓரிரண்டு வயது மட்டுமே மூத்தவர்கள். ஆகவே, பயிற்சி மையங்களில் எழுதித்தரும் அலங்காரச் சொற்களை அவர்கள் எளிதாகக் கண்டுகொள்வார்கள். சேர்க்கை விதிகள் ஆண்டுதோறும் மாறலாம் என்பதால் கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.